பாதி ஃபிரேம் கேமரா: ஒரு ரோலில் 72 படம் எப்படி?

தியேட்டர் ஆபரேட்டர் அறைக்கு வெளியே விழுந்து கிடக்கும் ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ரஜினியோ கமலோ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கட்டத்துக்குள் தெரிவார்கள். சினிமாஸ்கோப் துண்டாக இருந்தால் ஆள் ஒல்லியாக, மேலும் கீழும் இழுத்துவிட்டதுபோல நிற்பார். அந்தக் கட்டத்தின் அளவு ஞாபகம் இருக்கிறதா? பாதி ஃபிரேம் கேமரா எடுக்கும் படம் கிட்டத்தட்ட அதே அளவுதான். அது தற்செயலும் அல்ல.

35 மி.மீ. ஃபிலிம் என்கிறோமே, அந்த 35 என்பது ஃபிலிம் பட்டையின் அகலம். இரண்டு ஓரத்திலும் பல்சக்கரம் மாட்டுவதற்கான துளைகள். துளைகளுக்கு இடையில் மிஞ்சும் 24 மி.மீ.யில்தான் படம் விழ வேண்டும். சினிமா கேமராவில் இந்தப் பட்டை மேலிருந்து கீழாக ஓடும்; ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம். ஆகவே ஒரு படம் 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம். பேசும் படம் வந்தபின் ஒலிக்கும் ஓரமாக இடம் விட வேண்டியிருந்ததால் அது இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், இதே சினிமா ஃபிலிமைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தினார். பட்டையைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, ஒரு படத்துக்கு நான்கு துளைக்குப் பதில் எட்டுத் துளை கொடுத்தார். படம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம் ஆனது, சினிமாப் படத்தைப்போல இரண்டு மடங்கு. 1925இல் லைக்கா என்ற பெயரில் அந்தக் கேமரா சந்தைக்கு வந்தது. பிறகு உலகமே அந்த அளவுக்குப் பழகிவிட்டது. இன்று டிஜிட்டல் கேமரா வாங்கப் போனாலும் 'ஃபுல் ஃபிரேம்' என்று கடைக்காரர் காட்டுவது பர்னாக் வைத்த அந்த 36க்கு 24 அளவைத்தான். பாதி ஃபிரேம் கேமரா செய்வதெல்லாம், அவர் இரட்டித்ததைத் திரும்ப நான்கு துளைக்குக் கொண்டுவருவது.

ஆனால் ஃபிலிம் இப்போதும் கிடைமட்டமாகத்தான் ஓடுகிறது. 36 மி.மீ. அகலத்தை இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதியும் 18 அகலம், 24 உயரம். அதாவது கேமராவைச் சாதாரணமாக நேரே பிடித்தாலே படம் நெட்டுவாக்கில் வரும். அகலமான படம் வேண்டுமானால்தான் கேமராவைத் திருப்ப வேண்டும். பழைய கேமராப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் ரோல் முழுக்க இது உறுத்தும். கைபேசியிலேயே படம் எடுத்து வளர்ந்தவர்களுக்கு உறுத்தவே உறுத்தாது.

லாபம் என்ன என்பது பெயரிலேயே இருக்கிறது. 36 படம் என்று அட்டையில் போட்ட ரோலில் 72 படம். 24 ரோலில் 48. ரோல், டெவலப், ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,440 ரூபாய் ஆகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சாதாரண கேமராவில் ஒரு படம் 40 ரூபாய்; இதில் 20. உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ரோல் தயாரித்த காலம் போய்விட்டது. இன்று நாம் வாங்கும் கோடாக்கும் இல்ஃபோர்டும் கடல் கடந்து வருபவை; விலையும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில லேப்களில் ஸ்கேனுக்கு ரோல் கணக்கில்லை, படக் கணக்குதான். அங்கே இந்த லாபத்தில் ஒரு பகுதி அப்படியே கரைந்துவிடும்.

ஆறாயிரம் யென் கேமரா

பாதி ஃபிரேமைப் பிரபலமாக்கியது ஜப்பான். போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஃபிலிம் விலை சாமானியருக்குச் சுமை. நல்ல கேமராவோ எட்டாக்கனி. ஒலிம்பஸ் நிறுவனத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன யோஷிஹிசா மைதானி என்ற இளம் பொறியாளர், ஆறாயிரம் யென்னுக்கு விற்கக்கூடிய கேமரா ஒன்றைச் செய்ய வேண்டும் என்று இறங்கினார். லென்ஸில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. மற்ற எல்லாவற்றிலும் காட்டினார். 1959இல் ஒலிம்பஸ் பென் வந்தது. பேனாபோல எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பெயர். 1961இல் வந்த பென் ஈஈ இன்னும் எளிது. லென்ஸைச் சுற்றி வளையமாகப் பதித்த செலினியம் செல் வெளிச்சத்தைத் தானே அளக்கும், பேட்டரியே தேவையில்லை. 1963இல் பென் எஃப்: லென்ஸ் மாற்றக்கூடிய, லென்ஸ் வழியாகவே பார்க்கக்கூடிய பாதி ஃபிரேம் கேமரா. என் கண்ணுக்கு இன்றுவரை வந்த கேமராக்களிலேயே அழகானவற்றில் அது ஒன்று.

பிறகு ஏன் மறைந்தது? ஃபிலிம் மலிந்தது. 1966இல் வந்த ரோலை 35, முழு ஃபிரேம் கேமராவையே சட்டைப் பையில் அடக்கிவிடலாம் என்று காட்டியது. சிறிய கேமரா, மிச்சமாகும் ஃபிலிம் என்ற இரண்டு காரணங்களும் போனபின் பாதி ஃபிரேமுக்கு வேலை இல்லாமல் போனது. எண்பதுகளில் கோனிகாவும் கியோசெராவும் ஒருமுறை முயன்றுபார்த்தார்கள், நிலைக்கவில்லை.

இப்போது திரும்பி வந்திருப்பதற்குக் காரணமும் அதே விலைதான். 2022இல் கோடாக் பெயரில் எக்டார் எச்35 வந்தது. கோடாக் பெயரை உரிமம் வாங்கி ரெட்டோ என்ற நிறுவனம் தயாரிப்பது அது. முழுக்கப் பிளாஸ்டிக், ஒரே ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), ஒரே அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஃபோகஸ் மாற்ற வழியில்லை. வெயிலில் வெளியே எடுங்கள், உள்ளே ஃபிளாஷ் போடுங்கள். அவ்வளவுதான் அதன் இலக்கணம். விலையும் அதற்கேற்ப மிகக் குறைவு. இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஜூன் மாதம், ரிக்கோ நிறுவனம் பென்டாக்ஸ் 17 என்ற கேமராவை அறிமுகப்படுத்தியது. பெரிய நிறுவனம் ஒன்று ஃபிலிம் கேமராவைப் புதிதாக, அடியிலிருந்து வடிவமைத்துப் பல ஆண்டு ஆகிவிட்டிருந்தது. 'ஃபிலிம் கேமரா செய்யப் போகிறோம்' என்று அவர்கள் அறிவித்தது 2022 டிசம்பரில். அந்தக் கலை தெரிந்த மூத்த பொறியாளர்களிடமிருந்து இளையவர்களுக்கு அது கைமாற வேண்டும் என்பதையும் அப்போதே சொன்னார்கள். இந்தக் கேமராவை வைத்தே மீதியை விளக்குகிறேன். பாதி ஃபிரேம் என்ற ஒரே முடிவிலிருந்து மற்ற எல்லாமே எப்படிக் கிளைக்கின்றன என்பது இதில் நன்றாகத் தெரிகிறது.

கையில் எடுத்தால்

முதலில் தோன்றுவது, எடை இவ்வளவுதானா என்பது. பேட்டரியும் ஃபிலிமும் இல்லாமல் 290 கிராம். மேல்மூடியும் அடிமூடியும் மெக்னீசியம் உலோகக் கலவை, நடு உடம்பு பிளாஸ்டிக். அமெரிக்காவில் 500 டாலருக்கு அறிமுகமான கேமரா இவ்வளவு லேசாக இருப்பது சிலருக்குப் பொம்மைபோலத் தோன்றலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. தோளில் தொங்குவது தெரியாமல் இருக்கும் கேமராதான் வீட்டைவிட்டு வெளியே வருகிறது.

அடுத்தது லீவர். ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரை இழுத்து ஃபிலிமை நகர்த்த வேண்டும். ரோல் முடிந்ததும் சின்னக் கைப்பிடியைச் சுழற்றித் திரும்பச் சுற்ற வேண்டும். மோட்டார் கிடையாது. மோட்டார் வைப்பது கடினம் என்பதால் அல்ல, கையால் இழுக்கும் அந்த உணர்வுக்காகவே இப்படிச் செய்தார்கள். இழுக்கும்போது ஒரு மெல்லிய கரகரப்பு. அப்புறம் ஷட்டர் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், படம் எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அப்படி.

17 என்ற பெயர், படத்தின் அகலம் 17 மி.மீ. என்பதால். 18 அல்ல, 17. அந்த ஒரு மில்லிமீட்டர் குறைவதால் அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே கறுப்புக் கோடு போல விழும் இடைவெளி கொஞ்சம் தாராளமாகிறது.

லென்ஸின் குவிதூரம் 25 மி.மீ., அப்பெர்ச்சர் எஃப்/3.5 வரை திறக்கும் (இந்த எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும்). தொண்ணூறுகளில் வந்த பென்டாக்ஸ் எஸ்பியோ மினி என்ற சட்டைப்பைக் கேமராவின் லென்ஸை ஒட்டி, மூன்றே கண்ணாடிகளில் செய்தது. சாதாரண 35 மி.மீ. கேமராவில் 37 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியை இது காட்டும். கைபேசியின் முதன்மைக் கேமரா அளவுக்கு அகலம் இல்லை. கண் ஒரு இடத்தைக் கவனித்துப் பார்க்கும் அளவுக்கு என்று சொல்லலாம்.

இந்த 25, 37 கணக்கில்தான் புதியவர்கள் குழம்புவார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஃபிரேம் சிறிதானால், அதே காட்சியை அதற்குள் அடக்க லென்ஸின் குவிதூரமும் குறைய வேண்டும். குவிதூரம் குறைந்தால், முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம் கூடும். எண்ணாகச் சொன்னால்: எஃப்/8 வைத்து இந்த 25 மி.மீ. லென்ஸை சுமார் 4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவோடு வரும். முழு ஃபிரேமில் அதே காட்சிக்கு 37 மி.மீ. லென்ஸ் போட்டு, அதே எஃப்/8இல், அடிவானம் வரை தெளிவு வேண்டுமானால் 3 மீட்டருக்கு உள்ளே நிற்பவர் மங்கிவிடுவார்.

அதனால்தான் இந்தக் கேமராவில் ஆட்டோஃபோகஸ் இல்லாமலே பிழைக்க முடிகிறது. லென்ஸ் வளையத்தில் ஆறு படக்குறிகள்: பூ, முள்கரண்டியும் கத்தியும், ஒரு ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை. பூ என்றால் 25 செ.மீ., சாப்பாட்டு மேஜை அரை மீட்டர், ஒரு ஆள் 1.2 மீட்டர், இரண்டு ஆள் 1.7 மீட்டர், கூட்டம் 3 மீட்டர், மலை 5 மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாம். தூரத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து வளையத்தைத் திருப்புவதுதான் ஃபோகஸ். கூட்டம், மலை இரண்டிலும் கணிப்பு கொஞ்சம் தவறினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு ஆள் குறியில் கவனம் தேவை. பூக்குறியோ கறாரானது, 25 செ.மீ. என்றால் 25தான், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே பின்னே போனால் படம் சொதப்பும். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து எடுப்பவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொன்றும் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. தூரத்துக் காட்சியில் இரண்டும் ஒன்றையே பார்க்கும். அரை மீட்டரில் அப்படி இல்லை. வியூஃபைண்டருக்குள் கிட்டத்துப் படத்துக்கென்று தனிக் கோடு வரைந்திருக்கிறார்கள். பூவை நடுவில் வைத்தும் படத்தில் ஓரமாக வந்தது என்றால், அந்தக் கோட்டைப் பார்க்காமல் எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

வெளிச்சமும் துகளும்

வெளிச்சக் கணக்கை கேமரா பார்த்துக்கொள்ளும். ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் இரண்டையும் தனித்தனியாக நாமே வைக்கும் வசதி இதில் இல்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் நிறைய. நமக்குக் கிடைப்பது சில முறைகள் கொண்ட திருகு. 'ஆட்டோ' வைத்தால் ஃபோகஸைக்கூட கேமராவே ஒரு பொதுத் தூரத்தில் நிறுத்திவிடும், இருட்டினால் ஃபிளாஷையும் தானே அடிக்கும். 'பி' வைத்தால் ஃபோகஸ் நம் கையில். அப்பெர்ச்சரை முடிந்தவரை திறந்துவைக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி பின்புலம் கரைந்து உருகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இவற்றோடு படத்தை இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) வெளுப்பாக்கவோ கருப்பாக்கவோ ஒரு திருகு. பின்னால் ஜன்னல் வெளிச்சம், முன்னால் ஆள் என்றால் ஒன்றோ ஒன்றரையோ கூட்டிவையுங்கள்.

மறக்கக் கூடாத திருகு ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமின் வெளிச்ச உணர்திறனைச் சொல்லும் எண்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். ரோல் டப்பாவின் மேலுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களைப் படித்துத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி இதில் இல்லை. 400 ரோல் போட்டுவிட்டுத் திருகு 100இல் இருந்தால் 72 படமும் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தோடு வரும். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிவிடும். தலைகீழாக நடந்தால் தாங்காது, இருண்டு சேறாகும்.

எந்த ரோல் போடலாம்? இங்கேதான் பாதி ஃபிரேம் தன் விலையைக் கேட்கிறது. முழு ஃபிரேமின் பரப்பு 864 சதுர மி.மீ.; இதில் 408. நாலுக்கு ஆறு அங்குல பிரிண்ட் போட முழு ஃபிரேமை நான்கு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கினால் போதும், பாதி ஃபிரேமை ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். படத்தோடு சேர்ந்து ஃபிலிமின் துகளும், அதாவது படத்தை உருவாக்கும் நுண்ணிய புள்ளிகளும், பெரிதாகிறது. கைபேசித் திரையிலும் சின்னப் பிரிண்டிலும் அது படத்துக்கு ஒரு சொரசொரப்பைக் கொடுக்கும்; பலருக்குப் பிடித்ததே அதுதான். சுவரில் மாட்ட 12க்கு 18 போட்டால், முகத்தில் இமை முடியைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

ஆகவே நல்ல வெயிலுள்ள ஊரில் 100 அல்லது 200 ஐஎஸ்ஓ ரோல்தான் இதற்குப் பொருத்தம். கோடாக்கின் எக்டார் 100, கோல்டு 200 ரோல்கள் போன்றவை. துகள் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று இந்தக் கேமராவின் எல்லை: ஷட்டரின் உச்ச வேகம் ஒரு நொடியில் 350இல் ஒரு பங்கு, அப்பெர்ச்சர் எஃப்/16க்குமேல் மூடாது. நண்பகல் வெயிலில் 400 ரோல் கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே ஓடும். 800 போட்டால் வெளிச்சம் வழிய ஆரம்பிக்கும். மேலும் எஃப்/16 வரை மூடிய லென்ஸ், இவ்வளவு சிறிய ஃபிரேமில், தன் கூர்மையைக் கொஞ்சம் இழக்கும். 400 ரோலை மாலைக்கும் மழைநாளுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்டின் எச்பி5 ரோல் போட்டு, துகளோடு சேர்த்தே ரசிக்கலாம். அது தனி ருசி.

72 என்பது நிறைய

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று இது. ஃபிலிம் கேமராவின் சுகமே ரோல் முடிந்து டெவலப்புக்குக் கொடுத்து வாங்குவதில் இருக்கிறது. 72 படம் அவ்வளவு சீக்கிரம் முடியாது. பொங்கலுக்குப் போட்ட ரோலில் சித்திரைத் திருவிழாவும் இருக்கும், மழைக்காலம் வந்தும் எண் 50ஐத் தாண்டியிருக்காது. கேமராவைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் இது உண்மையான தடை. முதல் படத்தில் செய்த பிழை தெரிவதற்குள் மீதி 71 படத்திலும் அதையே செய்துவைத்திருப்போம். முதல் ரோலாக 24 படம் கொண்டதை வாங்குங்கள். 48 படம் கிடைக்கும், ஒரு விடுமுறையில் முடிந்துவிடும், கேமராவின் குணமும் பிடிபட்டுவிடும்.

அதே 72 இன்னொரு பக்கம் கையைத் தளர்த்திவிடுகிறது. முழு ஃபிரேமில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு எண்ணுகிற மனம், இதில் தெருவோரத்து சைக்கிள் கேரியரையும் பாதி குடித்த டீ கிளாஸையும் எடுக்கத் துணிகிறது. பாதி ஃபிரேமின் உண்மையான வரவு காசைவிட இந்தத் தளர்வுதான் என்பது என் எண்ணம்.

ஜோடிப் படம் என்று ஒன்றும் பிறந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பாதி ஃபிரேமும் சேர்ந்தால் ஒரு முழு ஃபிரேம் என்பதால், லேப் ஸ்கேனரில் இரண்டையும் ஒரே படமாக எடுத்துவிடலாம். முதலில் எடுத்தது இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். பாட்டியின் கை, பக்கத்தில் அவர் தொடுத்த பூச்சரம். ரயில் ஜன்னல், பக்கத்தில் அதற்கு வெளியே ஓடிய வயல். இதை மனதில் வைத்தே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். லேப்பில் முதல் படத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஜோடி சேர்த்தால் எல்லா ஜோடியும் தப்பிவிடும். பூச்சரத்துக்கு வேறு யாருடைய கையோ வந்து சேரும். சில சமயம் நாம் யோசித்ததைவிட அதுவே நன்றாகவும் அமைந்துவிடும். இந்த ஜோடி ஆசை எவ்வளவு பரவிவிட்டது என்றால், ஃபூஜிஃபில்ம் 2025இல் எக்ஸ் ஹாஃப் என்று ஒரு டிஜிட்டல் கேமராவையே நெட்டுவாக்குச் சென்சாரோடு இறக்கியது. இரண்டு படத்தை ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் அதில் உண்டு, ஃபிலிமும் கிடையாது, லேப் செலவும் கிடையாது. சூட்சுமம் புரிந்த வியாபாரம்தான். எனக்கு மட்டும் அதில் மனம் ஒட்டவில்லை.

வாங்கலாமா என்றால்: ஃபிலிம் பிடிக்குமா என்றே தெரியாதவர்கள் எச்35 வகைப் பிளாஸ்டிக் கேமராவில் ஒன்றிரண்டு ரோல் ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பழைய ஒலிம்பஸ் பென் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் அருமை. ஈஈ வரிசை என்றால் செலினியம் செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது செத்திருந்தால் கேமரா வெளிச்சத்தை அளக்காது. பென்டாக்ஸ் 17, ஏற்கெனவே ஃபிலிமில் பழகி, பழுது பார்க்கும் தலைவலி இல்லாத புதுக் கேமரா தேடுகிறவர்களுக்கு. அதற்கு வேண்டிய சிஆர்2 பேட்டரி தெருமுனைக் கடையில் எளிதில் கிடைக்காது. பயணம் கிளம்பும் முன் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

ரோலை லேப்பில் கொடுக்கும்போது கவரின் மேல் 'ஹாஃப் ஃபிரேம், 72 படம்' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். டெவலப் செய்வதில் எந்த வித்தியாசமும் இல்லை, கலர் ரோல் என்றால் மற்ற கலர் ரோலோடு சேர்த்தே சி-41 என்ற வழக்கமான கலர் நெகட்டிவ் முறையில் செய்யலாம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். நெகட்டிவை வழக்கமான பழக்கத்தில் ஆறு முழு ஃபிரேம் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கத்தி ஏதாவது ஒரு படத்தின் நடுவே இறங்கலாம். இடைவெளி பார்த்து வெட்டச் சொல்லுங்கள், அல்லது வெட்டாமல் சுருளாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் தனித்தனிப் படமாக வேண்டுமா, ஜோடியாக வேண்டுமா, இரண்டில் எதற்கு எவ்வளவு என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.